மீசைக்காரன் இன்னும் முளைக்கவில்லை

அக்டோபர் 24, வெள்ளி

விடிந்ததில் இருந்து தூறல். கொடியில் துணி அப்படியே. பக்கத்து வீட்டு சகிலாவின் ரவிக்கை மூன்று தைத்தாயிற்று, கொக்கி பாக்கி. கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது.

இந்த டைரி என் கணவர் லூர்து எழுதி வந்தது. மார்ச் 9 வரை அவர் கையெழுத்து, பிறகு வெறும் தாள். வீடு காலி செய்யச் சாமான் ஒதுக்கியபோது அலமாரியில் துணிக்கு அடியில் கிடைத்தது. தாள் வீணாவது அந்த மனுஷனுக்குப் பிடிக்காது. எழுதுகிறேன்.

அவர் எழுதியதெல்லாம் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. தண்டவாளம் பார்க்கிற டிராக்மேனுக்கு அதற்கு மேல் என்ன கதை. "ஜன. 14. பொங்கல், டியூட்டி. புல் வெட்டு. மீசைக்காரன் 2 பூ." "ஜன. 20. பனி. மீசைக்காரன் 9 பூ." என்னைப் பற்றி ஒரே ஒரு இடம். "பிலோவுக்குப் பல்வலி." முப்பது வருஷக் குடித்தனத்துக்கு அவ்வளவுதான்.

மீசைக்காரன் ஒரு செடி. அதற்கு என்ன பெயர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. யார்டுக்குப் போகிற தண்டவாளத்தின் ஓரம் ஜல்லிக்குள் முளைத்து நின்றதாம். அந்த மாதிரிச் செடியைப் பிடுங்கிப் போடுவதற்குத்தான் லூர்துக்குச் சம்பளம். மனசு வராமல், காய் காய்கிறவரை விட்டு வைத்து, விதையைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்து வந்தார். நான்கு வருஷம் முன்னால். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் முன்னால் இருக்கிற துண்டு நிலத்தில் உதறினார். முதலில் தரையோடு படிந்த இலை. தொட்டால் மெத்தென்று முடி, கொஞ்சம் பிசுபிசுப்பு. பனிக்காலத்தில் நடுவில் இருந்து ஒரு தண்டு, என் இடுப்பு உயரம். மஞ்சள் பூ, பூவுக்கு நடுவே ஊதா நிற முடி. காலையில் மலரும், மதியத்துக்குள் உதிரும். "மீச வெச்சுகினு கீறான் பாரு" என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

விதை உதிர்ந்ததும் செடி செத்துவிடும். அடுத்த மழைக்கு உதிர்ந்த விதை தானாக முளைக்கும். மூன்று வருஷம் அப்படி வந்தது. இந்த வருஷம் ஒன்று கூட வரவில்லை. காரணம் தெரியும். மார்ச் 10 டியூட்டி முடிந்து வந்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தண்ணீர் கேட்டார். சொம்போடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் வாசலில் சாக்கடை வழிந்து கிடந்தது. வருகிறவர்கள் வழுக்கி விழக் கூடாதென்று என் தம்பி இருதயராஜ் சாத்தாங்காட்டில் இருந்து ஒரு லோடு கிரஷர் தூள், ஜல்லி உடைக்கிற இடத்துக் கல்தூள், கொண்டு வந்து நிலம் முழுக்கக் கொட்டிவிட்டான். அதன் மேல்தான் ஷாமியானா, நாற்காலி எல்லாம்.

ஒரு தைல டப்பாவில் அவர் எடுத்து வைத்த விதை கொஞ்சம் இருந்தது. மூக்குப்பொடி மாதிரி இருக்கும். ஆகஸ்டில் ஒரு சிட்டிகை தொட்டியில் போட்டேன். இல்லை. செப்டம்பரில் ஒரு சிட்டிகை. இல்லை. இன்று டப்பாவை வழித்துக் கொட்டிவிட்டேன். மூன்று தொட்டி. மழையில் அடித்துப் போகாமல் இந்தத் தடவை இன்னும் கனமாக, இரண்டு விரல் அளவு மண் போட்டு மூடினேன்.

டிசம்பர் 15க்குள் வீட்டை ரயில்வேயிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஒன்று முளைத்தால் போதும். ஒன்றே ஒன்று. அதை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். பிரசங்கம் நீளம். மின்விசிறி ஓடவில்லை.

மகள் ஜெனி புளியந்தோப்பில் இருந்து வந்தாள். அவள் வீட்டுக்குத்தான் நான் போகப் போகிறேன். மூன்றாவது மாடி. பால்கனி என்று ஒன்று இருக்கிறது, அதில் வாஷிங் மெஷின் நிற்கிறது, மிச்சத்தில் ஒரு ஆள் திரும்பலாம்.

எடுத்துப் போக: தையல் மெஷின். மாதா படம். பெரிய குண்டான். அவர் மண்வெட்டி.

வேண்டாம்: கட்டில் (பூச்சி). டிவி ஸ்டாண்டு. பழைய ஃபேன். அவர் மண்வெட்டி (ஜெனி சொல்கிறாள்).

"மூணாவது மாடில மம்முட்டிய வெச்சு இன்னாம்மா பண்ணப் போற?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். தொட்டி மூன்றையும் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"இன்னும் இத்த வுடலியா நீ? அது ட்ராக்ல மொளைக்கிற களை. அப்பாவே ஆயிரம் புடுங்கிப் போட்டிருப்பாரு."

"இத்தப் புடுங்கல இல்ல" என்றேன்.

சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தேன். சகிலா வீட்டுக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 29, புதன்

வெயில். துணி காய்ந்தது. தொட்டியில் ஒன்றும் இல்லை.

ஞாயிறு கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் அதற்கு முந்தின நாள் லூர்து மண்வெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அவர் அப்பா அம்மா கல்லறையைத் தானே சுத்தம் செய்வார். கல்லறைத் தோட்டத்து ஆட்களைத் தொட விட மாட்டார். "கேங்குல இருவத்தெட்டு வருசம் புல்லு வெட்டுனவன், எங்கப்பன் மேல கீற புல்லுக்கு வேற ஆளா?" என்பார். நான் போய்ப் பார்த்தால் தண்டவாளம் மாதிரி நேர்க்கோடு வெட்டியிருக்கும். இப்போது அதே குழியில் அவரும் படுத்திருக்கிறார். வருஷம் திரும்பாமல் சிமெண்டு போடக் கூடாது, மண் இறங்கும் என்றார்கள். சுற்றிச் செங்கல் கட்டை மட்டும், நடுவில் மண்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. முட்டி வலி என்று எல்லாரிடமும் சொல்கிறேன். முட்டி வலியும் இருக்கிறது.

அங்கே குழி வெட்டுகிற மாணிக்கத்துக்கு போன் செய்தேன். லூர்துக்குத் தெரிந்தவர், நல்ல மனுஷன். "புல்லு பூண்டு ஒண்ணு கூட இருக்கக் கூடாது மாணிக்கம். வேரோட வழிச்சு எடுத்துடு. கட்டைக்குச் சுண்ணாம்பு ரெண்டு வாட்டி அடி" என்றேன்.

"இன்னாக்கா எனக்குச் சொல்ற? லூர்து அண்ணன் வேல எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அவரே எந்திரிச்சுப் பாத்தாலும் கொற சொல்ல மாட்டாரு."

அதைக் கேட்டு மனசு கொஞ்சம் நிறைந்தது. உள்ளதைச் சொல்கிறேன், பெருமையாகக் கூட இருந்தது.

அக்டோபர் 31, வெள்ளி

மழை. ரோட்டில் லாரி வரிசை கல்மண்டபம் வரை. சாமந்தி வாங்கப் போய் நனைந்து வந்தேன்.

தொட்டி: 1 இல்லை. 2 இல்லை. 3இல் ஏதோ பச்சை. கண்ணாடி போட்டுப் பார்த்தால் புல்.

நவம்பர் 2, ஞாயிறு

மாலை. எழுத்து கோணல்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஜெனியும் நானும் மூன்று மணிக்குப் போனோம். கூட்டம். மெழுகுவர்த்தி, பூமாலை, ஐஸ் வண்டி. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வந்துகொண்டிருந்தார். நம்முடைய கல்லறை வெள்ளை வெளேரென்று தூரத்தில் இருந்தே தெரிந்தது. நடுவில் மண்ணைச் சமமாகத் தட்டி, வழித்து, ஒரு இலை கூட இல்லாமல். மாணிக்கம் பக்கத்திலேயே நின்றார், வாயெல்லாம் பல்.

"எப்டிக்கா? சொன்ன மாதிரி செஞ்சனா?"

நன்றாக இருக்கிறது என்றேன். ஜெனி மெழுகுவர்த்தி நட்டாள்.

"லேசுல வர்லக்கா. அண்ணன் மேல ஒரே காடு. புல்லுகூடக் கம்மிதான். இன்னாவோ ஒரு செடி, முப்பது நாப்பது இருக்கும். தரையோட பட்டுனு வட்டமா கீது. எல பூனக்குட்டி முதுகு மாதிரி மெத்துனு கீது. கையில ஒட்டுது. வேற எந்தக் கல்லறைலயும் அப்டி கும்பலா இல்ல. வேரு ஒரே கட்ட, ஒண்ணொண்ணா புடிச்சு இஸ்த்தேன்."

எங்கே போட்டாய் என்று கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டபோது பின்சுவரைக் காட்டினார்.

போனேன். ஜெனி பின்னாலேயே ஓடி வந்தாள். மாலைக் குப்பை, பிளாஸ்டிக் பூ, உடைந்த பானை, அதற்கு நடுவில் குவியலாக. இரண்டு நாள் மழையில் நனைந்து பாதி அழுகல். ஒரு இலையை எடுத்து விரலால் தடவினேன். ஓரம் வெட்டுவெட்டாக, முடியோடு, அதே பிசுபிசுப்பு.

அவன்தான். நான் தைல டப்பாவைச் சுரண்டிக்கொண்டு கிடந்த நாளெல்லாம் அவன் லூர்து மேல் முளைத்துக் கிடந்திருக்கிறான். நான் ஒரு நடை போய்ப் பார்க்கவில்லை. வேரோடு வழித்து எடு என்று வாயால் சொன்னதும் நானே.

"அப்பா மேல இது எப்டி வந்துச்சு?" என்று ஜெனியிடம் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்கு நெஜமா ஞாபகம் இல்லியா? பொட்டிய எறக்கி மண்ணு மூடுனப்பறம் நீதானம்மா அந்தக் காஞ்ச செடிய மேல நட்ட. காலைலயே வாசல்ல இருந்து ஒடிச்சு, கையிலயே வெச்சுகினு வந்த. மாமா எடுத்துப் போடப் போனாரு, அவர நீ அடிச்ச."

இல்லை. எனக்கு நினைவில் இல்லை. இருதயராஜ் மேல் இத்தனை நாள் கிரஷர் தூளுக்காகக் கோபப்பட்டேன். அவனை அடித்ததும் எனக்குத் தெரியாது.

ஃபாதர் எங்கள் வரிசைக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. மாணிக்கம்தான் நின்று தீர்த்தம் வாங்கியிருக்கிறார்.

குவியலில் தேடி, வேர் கொஞ்சம் மிஞ்சிய ஐந்து செடியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தேன். ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா கேட்டாள், "இன்னா கீரைம்மா அது?"

நவம்பர் 3, திங்கள்

பெயிண்ட் வாளியில் ஐந்தையும் நட்டேன். தண்ணீர். வெயில் படாமல் மேலே அட்டை.

முழுப்பாவாடை இரண்டு இன்று கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

இரண்டு மிச்சம்.

நவம்பர் 7, வெள்ளி

ஒன்றும் இல்லை. பிடுங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு ஆணிவேர்தான் அதற்கு. எல்லாம் நடுவில் அறுந்திருந்தது. வேரோடு எடு என்று சொன்னேனே, வேர் வரவில்லை.

கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. தொட்டி மூன்றையும் தூக்கி வாசலில் கவிழ்த்தேன். ஒன்று உடைந்தது. சகிலா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கண்ணாடி கிளாஸில். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

நவம்பர் 8, சனி

கல்லறைத் தோட்டம். எங்காவது ஒன்று தப்பியிருக்குமா என்று பார்க்க. இல்லை. மாணிக்கம் ஒரு புதுக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். மார்பளவு பள்ளத்தில் நின்றபடியே பேசினார்.

விஷயத்தைச் சொன்னேன். அது லூர்து வளர்த்த செடி என்று. முகம் செத்துவிட்டது அவருக்கு. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். எனக்கே தெரியாது என்றேன். வீட்டில் மூன்று தடவை விதைத்தும் வரவில்லை என்றும் சொன்னேன்.

"எப்டி வெதச்ச?"

"கீரை மாதிரிதான். தூவி, மேல மண்ணு போட்டு மூடி."

"மூடிட்டியா?" மண்வெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூடுனா அது வராதுக்கா. நான் இங்க பாத்துகினே கீறேன். அந்தச் செடி அங்கொண்ணு இங்கொண்ணு எப்பவும் வரும். ஆனா பழைய கல்லற மேல வந்து நான் பாத்ததில்ல. புதுசா தோண்டுன எடத்துலதான். அடி மண்ணு மேல வருதுல்ல, வெளிச்சம் படுதுல்ல, அப்பத்தான் மொளைக்கும். எத்தினி வருசம் உள்ள கெடந்தாலும் அது சாவறதில்ல போல. குழி வெட்டுனா, அடுத்த மழைக்கு வந்து நிக்கும்."

புதுசாக ஆள் போன இடத்தில்தான் வருமா என்று கேட்க வந்தேன். அவர் வெட்டிக்கொண்டிருந்த குழிக்கு உரியவர்கள் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

டைரியில் அவர் பக்கங்களை முதலில் இருந்து திரும்பப் படித்தேன். பிப்ரவரி 18. "யார்டு லைன். ஜல்லி கிளறின இடத்தில் மீசைக்காரன் மறுபடி. போன வருஷம் நான் பிடுங்கின அதே இடம். போகட்டும்."

இதை மூன்று தடவையாவது படித்திருப்பேன். கிளறின இடத்தில் என்றே எழுதியிருக்கிறார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? பேச்சும் ஒரு வரிதான் அந்த மனுஷனுக்கு.

அப்படியென்றால் வாசலில் விதை இருக்கிறது. மூன்று வருஷம் உதிர்ந்த விதை. கிரஷர் தூளுக்கு அடியில், இருட்டில்.

நவம்பர் 10, திங்கள்

அவர் மண்வெட்டி. கைப்பிடியில் அவர் கை பிடித்த இடம் வழவழவென்று. என் கை பிடிப்பது அதற்குக் கொஞ்சம் கீழே.

காலை ஆறில் இருந்து எட்டு வரை. கவிழ்த்த தொட்டி மண்ணை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தூளை வழித்துச் சாக்கில் கட்டினேன். நான்கு சாக்கு. முட்டி வீங்கிவிட்டது.

சகிலா வாசலில் நின்றாள். "காலி பண்ற வூட்ல இன்னாத்துக்குத் தோட்டம் போடுற பிலோ?"

"தெர்ல சகிலா" என்றேன்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள். அவளுக்கு முதுகு சரியில்லை. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வலது பக்கம் முடிந்தது. ஒரு முழம் ஆழம். கொத்தி, அடிமண்ணைப் புரட்டி மேலே போட்டாயிற்று. மூடவில்லை. கிடைத்தவை: பாட்டில் மூடி, ஜெனியின் சின்ன வயசு வளையல் துண்டு, தண்டவாளம் இணைக்கிற ஃபிஷ் பிளேட் போல்ட் ஒன்று (திருடினாரோ).

இருதயராஜுக்கு போன் செய்து, மண்ணடக்கத்தன்று அடித்ததற்கு மன்னிப்பு கேட்டேன். "எப்ப அடிச்ச?" என்றான். அவனும் மறந்துவிட்டானா, எனக்காகச் சொல்கிறானா, தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

முழுவதும் முடிந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. தையல் ஆர்டர் எல்லாம் பாக்கி, கிறிஸ்துமஸ் துணி வேறு. பெட்டிக்கோட் 2, ஃபிராக் 4, பூசைக்கு உதவும் பிள்ளைகளின் அங்கி 6. மழை எப்போது வரும்?

நவம்பர் 19, புதன்

வந்தது.

நவம்பர் 27, வியாழன்

விட்டு விட்டு மழை. கவிழ்த்த தொட்டி மண்ணில் பச்சைப் புள்ளிகள். ஊசிமுனை அளவு. கீரையாக இருக்கலாம். சகிலாவின் முற்றத்து விதை காற்றில் வரும். நம்பவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

நம்பினேன்.

நான்கு இலை வந்திருக்கிறது. கண்ணாடி போட்டு, தரையில் உட்கார்ந்து, தடவிப் பார்த்தேன். முடி. தொட்டி மண்ணில் மட்டும் இல்லை, கொத்தின நிலம் முழுக்க. கதவோரம், குழாயடி, அவர் சைக்கிள் நிறுத்துகிற இடம். எண்ண முடியவில்லை. எண்ண வேண்டிய ஆள் நான் இல்லை.

உள்ளே திரும்பி "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். ஒன்பது மாதமாக அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்று தானாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு படியிலேயே உட்கார்ந்து அழுதேன். செத்த அன்றைக்குக் கூட இப்படி அழவில்லை என்று சகிலா சொல்கிறாள். அவளும் அழுதாள், அவளுக்கு என்ன காரணமோ.

ஜெனிக்கு போன். எடுக்கவில்லை. வேலையில் இருப்பாள்.

டிசம்பர் 4, வியாழன்

மூன்று செடியைக் கையகல மண்ணோடு பெயர்த்து வாளியில் வைத்தேன். மாலைக்குள் மூன்றும் தலை சாய்ந்துவிட்டன.

டிசம்பர் 6, சனி

இன்னும் மூன்று. இந்தத் தடவை ஆழமாகத் தோண்டி எடுத்தேன். இரண்டு போய்விட்டது. ஒன்று நாளை போய்விடும்.

இவன் வர மாட்டான். முளைத்த இடத்தில்தான் இருப்பான். லூர்தும் அப்படித்தான். வெளியூருக்கு மாற்றல் வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்து நின்றுவிட்டார், பிரமோஷனும் போயிற்று. அப்போது எவ்வளவு திட்டினேன்.

இனி செடி பெயர்க்க மாட்டேன். ஒவ்வொன்றும் ஒரு சாவு.

டிசம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். வெயில்.

ஜெனி வந்தாள். வாசலில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு செடியாகத் தாண்டி, ஒன்றைக் கூட மிதிக்காமல். உள்ளே வந்து பையை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க் குனிந்து ஒரு இலையைத் தொட்டாள். அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கு வெயில் வேணுமாம்மா?"

"வேணும்."

"பால்கனில காலைல பதினோரு மணி வரைக்கும் வரும். மெஷின உள்ள தள்ளிடலாம்."

செடி வராது, மண்தான் எடுத்து வர முடியும் என்றேன். மண்ணில் விதை இருக்கும், முளைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சரி என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

டிசம்பர் 12, வெள்ளி

எடுத்துப் போகும் பட்டியல், கடைசி: தையல் மெஷின், மாதா படம், குண்டான், மண்வெட்டி (ஜெனி ஒன்றும் சொல்லவில்லை), வாளி மண் 2.

செடிகள் இப்போது உள்ளங்கை அகலம். தரையோடு வட்ட வட்டமாகப் படிந்து. யார்டில் இருந்து வந்து கரித்தூள் படிகிறது, காலையில் குடத்தில் இருந்து தண்ணீர் தெளித்துக் கழுவினேன். பிப்ரவரியில் பூக்கும். நான் இருக்க மாட்டேன்.

அடுத்து யார் வரப் போகிறார்கள் என்று ஆபீஸில் கேட்டேன். ஆள் போட்டாயிற்றாம். யாரென்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஒரு அட்டையில் "இந்தச் செடியைப் பிடுங்க வேண்டாம்" என்று எழுதி வாசலில் குத்தி வைக்கலாமா என்று நினைத்தேன். எழுதினேன். கீழே காரணம் எழுத வேண்டுமே. என்ன எழுத? கிழித்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஜெனி காலையிலேயே வந்துவிட்டாள். டெம்போ பத்து மணிக்கு என்றான் இருதயராஜ். பதினொன்றரைக்கு வந்தான். மண் வாளி இரண்டையும் பார்த்து, "மண்ணையுமா ஏத்தணும்?" என்றான். பிறகு தானே தூக்கி, சிந்தாமல் சந்தில் செருகிக் கட்டினான்.

சகிலா வாசலில் நின்றாள். பிளாஸ்டிக் டப்பாவில் பிரியாணி, டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தில் வீடு பார்க்க அடுத்த ஆள் வந்தது. ஒரு பெண். செல்வி என்று பேர், விழுப்புரம் பக்கம், இருபத்தாறு வயசு இருக்கும். அம்மாவோடு வந்திருந்தாள். என்ன வேலை என்று கேட்டேன். டிராக்கில் என்றாள். லூர்து இருந்த அதே கேங். ஆரஞ்சு சட்டை பையில் மடித்து வைத்திருந்தாள், இன்னும் மடிப்புக் கூடக் கலையவில்லை.

வீட்டைச் சுற்றிக் காட்டினேன். குழாய் இறுக்கித் திருப்ப வேண்டும். பின்கதவு மழைக்கு ஊதிக்கொள்ளும். ஆணி அங்கே இருக்கட்டும், சட்டை மாட்டிக்கொள் என்றேன். எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றாள். நல்ல பெண்.

வாசலுக்கு வந்து நிலத்தைப் பார்த்தாள். "எடம் நல்லா இருக்கும்மா. இந்தப் புல்லு பூண்டெல்லாம் நானே வழிச்சு எடுத்துடுறன். எனக்கு இதான வேலை."

சகிலா என்னைப் பார்த்தாள். ஜெனியும். ஜெனி வாயைத் திறந்துவிட்டாள், நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

இது என் வீட்டுக்காரர் வளர்த்தது என்று சொல்லலாம். இரக்கப்பட்டு விட்டு வைப்பாள். ஒரு வருஷம் வைப்பாள். குடிவந்த வீட்டின் வாசலில் யாரோ ஒருவருடைய துக்கத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்வது எப்படி? கொத்தாமல் விட்ட மண் கெட்டித்துப் போகும், இலை விழுந்து மூடும், அதற்குப் பிறகு இவன் வர மாட்டான்.

"எடும்மா" என்றேன். "மேலாப்புல வழிக்காத. மம்முட்டி போட்டு, நல்லா ஆழமா கொத்து."